குதி உயர்ந்த சப்பாத்தும் குறிகட்டுவான் படகும்

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேரும் அடியார்களை அவர்களின் காலணிகளைக் கொண்டே இரண்டு பிரிவாக்கிவிடலாம். ஒரு பிரிவினர் இறப்பர்ச் செருப்புடன் வருகின்றவர்கள். படகு அணையும்போதே செருப்பைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டு, வெறுங்காலால் விளிம்பை மிதித்து, குனிந்து உள்ளே இறங்கிவிடுவார்கள். மற்றப் பிரிவினர் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள். பட்டுச் சேலை, அதற்கேற்ற நகை, சேலையின் கரைக்குக் கீழே எட்டிப் பார்க்கும் மூன்று அங்குலக் குதி. ஏறி இறங்கும் படகின் விளிம்புக்கும் அசையாத கொங்கிறீற் மேடைக்கும் இடையில் ஒரு கணம் அவர்கள் தயங்கி நிற்பார்கள். "அக்கா, சப்பாத்தைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ" என்று படகுக்காரர் கை நீட்டுவார்.

இதைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. "வெளிநாட்டுக்காரரின் எடுப்பைப் பார்" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கேள்விதான் வருகிறது. இருபது நிமிடக் கடற்பயணத்துக்கும், மணல் வீதிக்கும், காலணியோடு உள்ளே செல்லவே முடியாத கோயிலுக்கும் குதி உயர்ந்த சப்பாத்து எதற்கு? அழகுக்கு என்றால், அது யாருடைய கண்ணுக்கான அழகு? வசதியைக் கொடுத்து அழகை வாங்குவது உலக வழக்கம். அந்த வியாபாரத்தில் விலையை நிர்ணயிப்பவர் யார்?

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். உயர்ந்த குதியோடு நின்று அளவு பார்த்துத்தான் சேலையின் கொய்சகம் எடுக்கப்படுகிறது. நயினாதீவில் இறங்கிக் கோபுர வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் ஆள் மூன்று அங்குலம் குறைந்துவிடுகிறார், சேலை குறைவதில்லை. மிகுந்த மூன்று அங்குலப் பட்டும் உள்வீதி முழுவதும் தரையில் இழுபடுகிறது. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு, மறு கையில் தூக்கிப் பிடித்த கொய்சகம். கும்பிடுவதற்குக் கை இல்லை. அழகுக்கும் வசதிக்கும் இடையிலான பேரத்தை இதைவிடச் சுருக்கமாக எவராலும் விளக்க முடியாது.

சப்பாத்து என்ற சொல்லே நமக்குக் கடல் வழியாக வந்தது. போர்த்துக்கேயர் தந்த கதிரை, அலுமாரி, மேசை, சாவி, பாண் ஆகியவற்றின் வரிசையில் அதுவும் ஒன்று. ஊர்காவற்றுறைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் 'துறை' என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு என்பார்கள். யானைகள் கப்பலேறிய துறை அது. போர்த்துக்கேயர் 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். ஐரோப்பியரின் சப்பாத்துக்குக் குதி முளைத்த காலமும் ஏறத்தாழ அதுவே.

அந்தக் குதி முளைத்த கதை சுவையானது. உயர்ந்த குதி பெண்ணுக்காகப் பிறந்ததன்று. பாரசீகக் குதிரை வீரனுக்காகப் பிறந்தது. குதிரைமேல் எழுந்து நின்று வில்லை வளைக்கும்போது கால் அங்கவடியிலிருந்து நழுவாமல் இருக்க, குதி அங்கே கொளுவி நிற்க வேண்டும். அவ்வளவுதான். பாரசீக மன்னர் ஷா அப்பாஸின் தூதுக்குழு 1599 இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டது. அதனையொட்டி எழுந்த பாரசீக மோகத்தில் அங்குள்ள பிரபுக்கள் இந்தக் குதியைத் தமதாக்கிக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதியவர் எலிசபெத் செமல்ஹாக். அவர் பணியாற்றும் பாட்டா காலணி அருங்காட்சியகம் ரொறன்ரோ நகரில் 1995 இல் இப்போதைய கட்டடத்தில் திறக்கப்பட்டது. புங்குடுதீவாரும் வேலணையாரும் காரைநகராரும் நிறைந்த நகரம் அது. நம்மவர்கள் விருந்தினரை அழைத்துச் சென்று நயாகராவைக் காட்டுகிறார்கள். ஒருமுறை இதையும் காட்டலாம்.

பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயி தன் சப்பாத்தின் குதிக்குச் சிவப்புச் சாயம் பூசினான். அரசவையில் இடம் பெற்றவர்களே அந்தச் சிவப்பை அணியலாம் என்றானது. உயர்ந்த குதியின் உள்ளர்த்தம் இங்கேதான் வெளிப்படுகிறது. அதை அணிந்து வயல் உழ முடியாது, சேற்றில் இறங்க முடியாது, நெடுந்தூரம் நடக்கவும் முடியாது. 'எனக்கு அவற்றுக்கெல்லாம் அவசியம் இல்லை' என்று அறிவிப்பதே அதன் வேலை. வசதியின்மையே அதன் பெருமை. பெண்கள் அதை ஆண்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பகுத்தறிவுள்ளவர்கள் தாங்கள் என்று கருதிய ஆண்கள் அதைக் கைவிட்டார்கள். பெண்கள் காலில் அது தங்கிவிட்டது. பிறகு 1950களில், உள்ளே உருக்குத் தண்டு பொருத்திப் பென்சில் போல மெலிந்த குதியைச் செய்யும் நுட்பம் வந்தது. அது வரைக்கும் மரத்தால் செய்த குதி அவ்வளவு மெலிந்தால் முறிந்துவிடும்.

ஆண்கள் முற்றாகத் தப்பிவிட்டார்கள் என்றும் சொல்வதற்கில்லை. எழுபதுகளில் பெல்பொட்டம் காற்சட்டை வீதியைக் கூட்ட, அடி தடித்த சப்பாத்தில் நம் இளைஞர்கள் யாழ்ப்பாண நகரத்துப் படமாளிகைகளின் வாசலில் நின்றதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். சைக்கிள் மிதிக்கும்போது அந்தச் சப்பாத்து பட்ட பாட்டையும் மறந்திருக்க மாட்டார்கள்.

*

காலணி தகுதியை அறிவிக்கும் பொருள் என்பதைப் பிரான்சிய மன்னனிடம் போய் நாம் படிக்க வேண்டியதில்லை. நம் சொந்த வரலாறே போதும். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளின் பட்டியல் நீளமானது. கோயிலுக்குள் நுழையக்கூடாது, நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளக்கூடாது, மேலாடை அணியக்கூடாது, தோடு போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, பேருந்தின் இருக்கையில் அமரக்கூடாது. அந்தப் பட்டியலில் காலணி அணியக்கூடாது என்பதும் இருந்தது. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் இவற்றுட் சில உடனே மறைந்துவிடவில்லை. அறுபதுகளின் இறுதியில் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்தவை நம் பத்திரிகைகளில் பதிவாகியுள்ளன.

லூயி மன்னன் சிலருக்கு மட்டும் சிவப்புக் குதியை அனுமதித்தான். நாம் சிலருக்குச் செருப்பையே மறுத்தோம். அவன் ஆடம்பரத்தைப் பங்கிட்டான், நாம் அவசியத்தைப் பறித்தோம். சித்திரை வெயிலில் சுண்ணாம்புக் கல் நிலத்தில் வெறுங்காலோடு நடந்தவனுக்குத் தெரியும் எது பெரிய கொடுமை என்று.

ஆகவேதான், "அந்தக் காலத்தில் எல்லோரும் வெறுங்காலோடு எளிமையாக வாழ்ந்தார்கள்" என்று யாராவது உருகும்போது எனக்குச் சற்று எச்சரிக்கை உணர்வு வருகிறது. வெறுங்கால் சிலருக்குப் பக்தி, சிலருக்கு எளிமை, சிலருக்கு வறுமை, சிலருக்குக் கட்டளை. மலிவான இறப்பர்ச் செருப்பு வந்து அந்த வேறுபாட்டைப் பெருமளவு கரைத்தது. இலங்கையில் அந்தச் செருப்புக்கு ஒரு நிறுவனத்தின் பெயரே பொதுப் பெயராகி 'பாட்டா' என்று நிலைத்துவிட்டது. எந்த நிறுவனம் செய்தாலும் அது பாட்டாதான். எந்தச் சீர்திருத்தவாதிக்கும் சளைக்காத வேலையை அந்த இறப்பர்த் துண்டு செய்திருக்கிறது. அதற்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

இன்னொரு நடையையும் இங்கே நினைத்தாக வேண்டும். 1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. மழையிலும் சேற்றிலும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள் இலட்சக்கணக்கானோர். தீவகத்து மக்களோ அதற்கு முன்பே, தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே, ஊரைவிட்டு வெளியேறி வந்தவர்கள். அவர்களுக்கு அது இரண்டாவது நடை. அன்று நடந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். எதைக் கொண்டு போனீர்கள் என்பதற்கு மறதி கலந்த பதில் வரும். காலில் என்ன இருந்தது என்பதற்கு மட்டும் தெளிவான பதில் வரும். செருப்பு அறுந்த இடம் அவர்களுக்கு நினைவிருக்கும்.

அவ்வாறு நடந்தவர்களில் ஒருத்திதான் இன்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மூன்று அங்குலக் குதியுடன் குறிகட்டுவானில் நிற்கிறாளோ என்னவோ. வெறுங்காலோடு துரத்தப்பட்ட ஊருக்குள் மூன்று அங்குலம் உயர்ந்து திரும்பி வர ஒருத்தி விரும்பினால், அதை வெறும் எடுப்பு என்று தள்ளிவிட முடியுமா? அந்தக் குதி அவளுக்கு வெற்றிச் சின்னம். தொழிற்சாலையின் சீமெந்துத் தரையில் இரவு வேலை நின்று நின்று வீங்கிய கால்களுக்கு வாங்கிக் கொடுத்த பதக்கம். இதை விளங்கிக்கொண்ட பின்னரே அந்தப் பதக்கம் அந்தக் கால்களுக்கு என்ன செய்கிறது என்று பேசும் உரிமை நமக்கு வருகிறது.

*

என்ன செய்கிறது? மருத்துவம் இதில் ஐயத்துக்கு அதிகம் இடம் வைக்கவில்லை.

தட்டையாக நிற்கும்போது உடலின் பாரம் குதிக்கும் பாதத்தின் முன்பகுதிக்கும் பகிரப்படுகிறது. குதியை உயர்த்த உயர்த்தப் பாரம் முன்னோக்கிச் சரிந்து, விரல்களின் அடியில் உள்ள சிறு எலும்புகளின்மேல் இறங்குகிறது. முனை ஒடுங்கிய சப்பாத்தானால் அந்தப் பாரத்தோடு விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கப்படுகின்றன. பெருவிரல் மெல்ல மெல்ல உட்புறம் திரும்பி, அதன் அடிமூட்டு வெளியே புடைக்கிறது. கணுக்காலிலோ வேறு சிக்கல். அங்கே பூட்டுப் போல அமரும் எலும்பு முன்புறம் அகன்றும் பின்புறம் ஒடுங்கியும் இருக்கிறது. தட்டையாக நிற்கையில் அகன்ற பக்கம் பூட்டில் இறுகிப் பொருந்தும். குதி உயர்ந்தால் ஒடுங்கிய பக்கம் பூட்டுக்குள் வந்து தளர்ந்து ஆடும். கால் பிரண்டுபோவதன் காரணம் அதுவே. ஆடும் படகில் ஆடும் கணுக்கால் என்றால் சொல்லவும் வேண்டுமா?

1998 இல் 'லான்செற்' மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, உயர்ந்த குதியுடன் நடக்கும்போது முழங்காலின் உட்புறத்தில் விழும் சுமை ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கூடுகிறது என்று காட்டியது. மூட்டுத் தேய்வு பெண்களிடையே அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. 2010 இல் இங்கிலாந்தில் வெளியான வேறோர் ஆய்வு, ஆண்டுக்கணக்கில் உயர்ந்த குதி அணிந்தவர்களின் கெண்டைத் தசைநார்கள் குறுகியும் குதிநாண் தடித்து விறைத்தும் இருந்ததைக் கண்டது. அவர்களுக்குத் தட்டைச் சப்பாத்து அணிந்தால்தான் வலிக்கும். உடல் தன்னை வருத்திய பொருளுக்கே பழகிப்போய், அது இல்லாமல் நிற்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறது. இது காலணிக்கு மட்டும் உரிய விதி அன்று என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

கணக்கு ஒன்றும் போட்டுப் பார்க்கலாம். ஐம்பது கிலோ நிறையுள்ள பெண்ணின் பாரம் முழுவதும் ஒரு கணம் ஒரு சதுர சென்ரிமீற்றர் முனையுள்ள குதியில் விழுந்தால், அந்தச் சதுர சென்ரிமீற்றர் தாங்குவது ஐம்பது கிலோ. நாலாயிரம் கிலோ யானை, ஆயிரம் சதுர சென்ரிமீற்றர் பரப்புள்ள நாலு பாதங்களை ஊன்றி நின்றால், ஒரு சதுர சென்ரிமீற்றர் தாங்குவது ஒரு கிலோ. ஊர்காவற்றுறையில் கப்பலேறிய யானைகள் துறையின் பலகையை இந்த அளவுக்கு அழுத்தியிருக்கவில்லை. 2009 இல் கிரேக்க நாடு தன் பழைமையான நினைவுச் சின்னங்களில் உயர்ந்த குதிச் சப்பாத்தைத் தடைசெய்ததன் நியாயம் இதுதான். கலிபோர்னியாவில் கார்மல் என்ற கடலோரச் சிற்றூர் இன்னும் முந்திக்கொண்டது. இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட மெல்லிய குதி அணிய நகரசபையின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று 1963 இல் விதி செய்தது. மரவேர் எழுப்பிய நடைபாதையில் விழுந்தவர்கள் வழக்குத் தொடராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. கல் வேலிகளுக்கு நடுவே நெடுந்தீவின் ஒழுங்கைகளில் நடந்தவர்கள் அந்த நகரசபையின் முன்யோசனையை மெச்சுவார்கள்.

*

உயர்ந்த குதியை விரும்பி அணிபவரிடம் எனக்கு வழக்கில்லை. திருமண மண்டபத்தில் இரண்டு மணி நேரம் அணிந்து, வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைப்பது அவரவர் உரிமை. தன் கால், தன் வலி, தன் மகிழ்ச்சி. வழக்கு இருப்பது கட்டாயத்துடன்.

இலண்டனில் 2015 டிசம்பரில் நிக்கோலா தோர்ப் என்ற பெண் வரவேற்பாளர் வேலைக்குத் தட்டைச் சப்பாத்துடன் சென்றார். இரண்டு முதல் நாலு அங்குலக் குதி வேண்டும் என்று கூறிச் சம்பளம் இன்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆண் ஊழியருக்கு அப்படி ஒரு விதி இல்லையே என்று அவர் கேட்டதற்குச் சிரித்தார்களாம். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். 2017 மார்ச்சில் நாடாளுமன்றம் விவாதித்தது. இருக்கும் சட்டமே போதும் என்று அரசாங்கம் முடித்துக்கொண்டது. கனடாவில் 2016 இல் எட்மன்ரன் நகர உணவகப் பணிப்பெண் ஒருவரின் இரத்தம் கசிந்த பாதங்களின் படம் இணையத்தில் பரவியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம், வேலை கொடுப்போர் உயர்ந்த குதியைக் கட்டாயப்படுத்துவதைத் தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் ஒன்ராறியோவும் சட்டம் செய்தது. கலை, விளம்பரத் துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. யப்பானில் 2019 இல் யூமி இஷிகாவா என்பவர் இதே கோரிக்கையை எழுப்பியபோது, தொழில் அமைச்சரோ அது சமூகத்தில் தேவையென ஏற்கப்பட்ட அளவுக்குள் அடங்கியது என்ற பாங்கில் பதில் சொன்னார். ஆயினும் அடுத்த ஆண்டிலேயே யப்பானிய விமான நிறுவனம் ஒன்று தன் பணிப்பெண்களை அந்த விதியிலிருந்து விடுவித்தது.

ஒன்ராறியோவில் வாழும் நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் மகள் பகுதிநேர வேலைக்குச் செல்லும் உணவகத்திலோ கடையிலோ உயர்ந்த குதி வேண்டும் என்று முதலாளி சொன்னால், அப்படிச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. இதை அவளிடம் சொல்லி வையுங்கள்.

சொல்லிவிட்டு, நம் வீட்டுக்குள்ளும் பாருங்கள். முதலாளி கட்டாயப்படுத்த முடியாததை நாம் கட்டாயப்படுத்துகிறோம். புலம்பெயர்ந்த நாடுகளில் சாமத்தியச் சடங்குகள் எவ்வாறு வளர்ந்துள்ளன என்பதை நான் விவரிக்கத் தேவையில்லை. பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு ஆறு முழச் சேலைக்குப் பதிலாகக் கல் பதித்த பெருஞ்சேலை, அந்தச் சேலை 'எடுப்பாக விழ' உயர்ந்த குதி. படப்பிடிப்பாளர் சொல்கிறபடி படிகளில் ஏறி இறங்கி, நாள் முழுதும் நிற்கிறாள் பிள்ளை. அந்த வயதில் பாதத்தின் எலும்புகள் முற்றாக இறுகியிருப்பதில்லை. பதினான்கு, பதினைந்து வயது வரை அவற்றின் வளர்ச்சி தொடர்கிறது. ஒரு நாள் அணிந்ததால் கால் கெட்டுவிடாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், 'நீ பெரியவளாகிவிட்டாய்' என்று ஊரைக் கூட்டி அறிவிக்கும் நாளில் அவள் முதலில் கற்கும் பாடம் எது? நோவைக் காட்டாமல் சிரிக்க வேண்டும் என்பது. அந்தப் பாடம்தான் ஒரு நாளோடு முடிவதில்லை.

ஊரிலும் நிலைமை வேறில்லை, உருவம்தான் வேறு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவுப் பாடசாலைகளுக்குப் பெருநிலப்பரப்பிலிருந்து செல்லும் ஆசிரியைகளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பேருந்து, தாம்போதிகளைக் கடந்து துறை, பிறகு படகு. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் வரை கடலில் இருக்க வேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில் தண்ணீர் மேலே அடிக்கும். இவ்வளவுக்கும் உடுத்தியிருப்பது ஆறு யார் சேலை. 2022 நவம்பரில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், தென்னிலங்கையில் சில ஆசிரியைகள் சேலையை விட்டு வேறு கண்ணியமான உடையில் பாடசாலைக்கு வந்தார்கள். நாடெங்கும் விவாதம் எழுந்தது. உடை வழக்கத்தை மாற்றும் எண்ணம் இல்லை என்று கல்வித் தரப்பு கூறிவிட்டது. சேலை அழகான உடைதான். விரும்பி உடுப்பவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அலை அடிக்கும் படகில் ஒரு கையால் கொய்சகத்தையும் மறு கையால் கயிற்றையும் பிடித்து ஏறும் ஆசிரியையிடம், கண்ணியம் ஆறு யாரில்தான் இருக்கிறது என்று கொழும்பில் நாற்காலியில் இருந்து எழுதுகின்றவர் ஒருமுறை நெடுந்தீவுக்கு வந்து போகட்டும். சேலை உடுத்தி வரும்படி அவரைக் கேட்க மாட்டோம்.

*

தீவகம் பாதங்களுக்குப் பெயர் போன இடம். அம்பிகையின் சிலம்பு வீழ்ந்த சக்தி பீடம் நயினாதீவு என்பது அடியார்களின் நம்பிக்கை. மணிமேகலை காப்பியத்தில் புத்தரின் பாதபீடிகை அமைந்த மணிபல்லவம் இதுவே என்று கருதும் ஆய்வாளர் உண்டு. நெடுந்தீவில் பாறையில் பதிந்த பெரும் பாதச் சுவடு என்று ஓரிடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். நம் கோயில்களில் பிரதட்டை செய்யும் ஆண்களின் பின்னே பெண்கள் அடியழித்து வருகிறார்கள். சப்பாத்தை மினுக்கப் பயன்பட்டதால் ஆங்கிலேயர் 'சப்பாத்துப் பூ' என்று பெயரிட்ட செவ்வரத்தம் பூவைக்கூட நாம் அம்மன் பாதத்தில்தான் வைக்கிறோம். தெய்வத்தின் பாதத்துக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் நாம், மனிதரின் பாதத்தைச் சற்றுக் கவனித்தால் குறைந்துவிட மாட்டோம்.

கவனித்தவர்கள் இருக்கிறார்கள். மேல்நாட்டுச் செயற்கைக் கால், சப்பாத்தினுள் மறைத்து வைப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் குதி உயரமும் சப்பாத்துக்கு ஏற்றதே. வெறுங்காலோடு நடப்பவர்க்கும், சம்மணம் கட்டி இருப்பவர்க்கும், குந்தி இருந்து வேலை செய்பவர்க்கும் அது உதவவில்லை. 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி.கே.சேத்தியும் சேர்ந்து, இறப்பரைக் கொண்டு வெறும் பாதம் போலவே வளையும் காலை உருவாக்கினார்கள். வயலில் இறங்கலாம், கோயிலுக்குள்ளும் போகலாம். போரில் காலிழந்த நம்மவர் எத்தனையோ பேரை யாழ்ப்பாணத்தில் எழுந்து நடக்க வைத்தது அந்த ஜெய்ப்பூர்க் கால்தான். அதைச் செய்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, 'இவர் எங்கே நடக்கப் போகிறார்?' என்பது. எந்தக் காலணிக்கும், எந்த உடைக்கும், எந்த விதிக்கும் முதற் கேள்வி அதுவாகவே இருக்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் பல விடயங்கள் தாமே ஒழுங்குக்கு வரும். தீவகத்துக்கு வருகிறவர்கள் சேலையின் கொய்சகத்தை வெறுங்காலில் நின்று எடுத்துக்கொள்ளலாம். உயரம் வேண்டுமானால் முனைக் குதியை விட்டு அகன்ற, தாழ்ந்த குதியைத் தெரிந்தெடுக்கலாம். படகுக்கு ஒரு செருப்பு, மண்டபத்துக்கு ஒரு சப்பாத்து என்று இரண்டைக் கொண்டுவந்தால் வானூர்தியில் அதிகச் சுமை ஏறிவிடாது. துறைகளைப் பராமரிப்பவர்களும் கேட்கட்டும். படகு தாழ்ந்தும் உயர்ந்தும் நிற்கும் இடத்தில் நல்ல படிகளும் பிடித்து ஏறக் கைபிடிக் கம்பிகளும் வேண்டும். வயோதிபர், கர்ப்பிணிகள், செயற்கைக்கால் பொருத்தியவர்கள் அன்றாடம் அதே விளிம்பைத்தான் தாண்டுகிறார்கள். உயர்ந்த குதிக்காரி விடுமுறை முடியப் போய்விடுவாள். அவர்கள் நாளையும் ஏற வேண்டும்.

நாகரிகம் வேண்டாம் என்று சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டதாகச் சில இளம் வாசகிகள் நினைக்கக்கூடும். அப்படியல்ல. அழகாக இருக்க விரும்புவது உயிரோடு இருப்பதன் அடையாளம். போருக்குப் பின்னர் நம் பெண்கள் நிறம் பார்த்துச் சேலை எடுப்பதையும் விதவிதமாகக் காலணி வாங்குவதையும் காணும்போது நிறைவே ஏற்படுகிறது. ஆனால் செருப்புக்காகக் காலைத் தறிக்கிறதா என்று கேட்ட நம் முன்னோர் வெறும் பழமொழிக்காகக் கேட்கவில்லை. சப்பாத்தைக் கடையில் மாற்றித் தருவார்கள். காலை மாற்றித் தர ஒரு கடையும் இல்லை.